கிரேக்கப் பானையைப் படிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

பண்டைய கிரேக்கப் பானையைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் அதன் படத்தைத்தான் பார்க்கிறார்கள். ஹெராக்ளிஸ் சிங்கத்தோடு மல்லுக்கட்டுகிறான், அக்கிலிஸ் ஈட்டி பிடித்திருக்கிறான், சரி, அடுத்த பானை. படம் முக்கியம்தான். ஆனால் அது ஒரு பானையின் வயிற்றில் இருக்கிறது. அந்தப் பானை தண்ணீர் மொள்ளவோ மது கலக்கவோ இறந்தவரோடு புதைக்கவோ வனையப்பட்டது. அதன் கறுப்பு சூளைக்குள் பிறந்தது. இதையெல்லாம் விட்டுவிட்டால் படத்தின் அழகிலும் பாதி நமக்குக் கிடைக்காது.

அதனால் இந்த வழிகாட்டியில் படத்தைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன். வடிவம், மண், நெருப்பு, கோடு, பிறகுதான் வரைந்தவரின் கை. இந்த வரிசையில் பார்க்கப் பழகிவிட்டால், விளக்க அட்டையைப் படிக்காமலேயே ஒரு பானை எந்த ஊரில், எந்த நூற்றாண்டில் செய்யப்பட்டது என்று ஓரளவு சொல்லிவிட முடியும்.

படி 1: கைப்பிடிகளை எண்ணுங்கள்

மூன்று கைப்பிடி இருந்தால் அது ஹைட்ரியா, தண்ணீர்க் குடம். பக்கவாட்டில் படுக்கையாக உள்ள இரண்டும் தூக்குவதற்கு. பின்பக்கம் செங்குத்தாக நிற்பது சாய்த்து ஊற்றவும், வெறுங்குடத்தைத் தொங்கவிட்டு எடுத்துப் போகவும். இரண்டு கைப்பிடியும் குறுகிய கழுத்தும் இருந்தால் ஆம்ஃபோரா. எண்ணெய், மது, தானியம் எதையும் சேமிக்கும் ஜாடி. ஒரே கைப்பிடியும் ஊற்ற வசதியான வாயும் இருந்தால் ஓயினகோயி என்ற கூஜா. அந்த வாய் பல நேரம் மூன்று இதழாக மடிந்திருக்கும்.

வாய் அகன்ற பெரிய கலம் கிரேட்டர். கிரேக்கர்கள் மதுவைத் தண்ணீர் கலந்துதான் குடித்தார்கள். கலக்காமல் குடிப்பது நாகரிகமற்றவர்களின் வழக்கம் என்பது அவர்கள் எண்ணம். கலக்கும் பாத்திரம் என்பதுதான் கிரேட்டர் என்ற சொல்லின் பொருளே. விருந்தின் நடுவில் அது நிற்கும், சுற்றிலும் ஆண்கள் கட்டிலில் சாய்ந்திருப்பார்கள். அவர்கள் கையில் இருப்பது கைலிக்ஸ்: தட்டையான, தண்டு வைத்த, இருபுறமும் பிடியுள்ள கிண்ணம். அதன் உட்புறம் நடுவில் ஒரு வட்டப் படம் உண்டு. மது குறையக் குறையத்தான் அது கண்ணுக்குத் தெரியும். ஓவியர்கள் இதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள்.

ஒல்லியான, நீண்ட கழுத்துள்ள எண்ணெய்ப் புட்டி லெகித்தோஸ். கைக்குள் அடங்கும் உருண்டைப் புட்டி ஆரிபல்லோஸ். உடற்பயிற்சிக்குப் போகிறவர்கள் உடம்பில் தேய்க்கும் எண்ணெயை அதில் ஊற்றி மணிக்கட்டில் மாட்டிக்கொள்வார்கள். இந்த ஏழெட்டுப் பெயர்கள் மனதில் இருந்தால் தொடக்கத்துக்குப் போதும்.

பானையை விவரிக்கும்போது நாம் வாய், கழுத்து, தோள், வயிறு, அடி என்று உடம்பின் பெயர்களையே சொல்கிறோம் அல்லவா? கிரேக்கப் பானையைப் படிக்கவும் அதே சொற்கள் போதும். படம் தோளில் இருக்கிறதா, வயிற்றில் இருக்கிறதா, சட்டம் போட்டு அடைக்கப்பட்டிருக்கிறதா, பானையைச் சுற்றி ஓடுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் குறிப்பு பின்னால் உதவும்.

படி 2: படம் இல்லாத இடத்தில் மண்ணைப் பாருங்கள்

ஏதென்ஸைச் சுற்றியுள்ள அட்டிக்கா வட்டாரத்துக் களிமண்ணில் இரும்புச் சத்து அதிகம். சுட்டபின் அது செம்மஞ்சளாகிறது. கொரிந்து நகரத்துக் களிமண் வெளிறிய மஞ்சளாக, கிட்டத்தட்ட சந்தன நிறத்தில் இருக்கும். எந்த ஊர்ப் பானை என்ற கேள்விக்குப் பாதி விடை இந்த ஒரு வேறுபாட்டிலேயே கிடைத்துவிடும். அடிப்பகுதி, கைப்பிடியின் உட்புறம், உடைந்த விளிம்பு ஆகியவைதான் மண்ணின் நிறத்தைப் பார்க்க நல்ல இடங்கள்.

ஏதென்ஸில் குயவர்கள் வாழ்ந்த பகுதியின் பெயர் கெராமைக்கோஸ். செராமிக் என்று நாம் சொல்லும் சொல் அந்தப் பெயரோடு ஒரே வேரில் பிறந்தது. பெரிய கலங்களை அவர்கள் ஒரே மூச்சில் வனையவில்லை. வயிறு, கழுத்து, அடி என்று தனித்தனியாகச் சக்கரத்தில் எடுத்து, தோல்போல இறுகும்வரை காயவிட்டு, மண்குழம்பால் ஒட்டி, மறுபடி சக்கரத்தில் வைத்துச் சீவினார்கள். கைப்பிடிகள் கடைசியில்தான் வரும். கழுத்தும் தோளும் சேருமிடத்தில் கூர்மையான மடிப்பு தெரிந்தால் அது பெரும்பாலும் இந்த ஒட்டு வேலையின் தடம்.

படி 3: சூளையைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியில் அவசரம் வேண்டாம். கிரேக்கப் பானைக் கலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

பளபளக்கும் அந்தக் கறுப்பு சாயம் அல்ல, கண்ணாடிப் பூச்சும் அல்ல. பானை எந்த மண்ணால் ஆனதோ கிட்டத்தட்ட அதே மண்தான். களிமண்ணை நிறையத் தண்ணீரில் கரைத்து வைத்தால் கனமான துகள்கள் அடியில் தங்கும். மேலே மிதக்கும் மிக நுண்ணிய பகுதியை மட்டும் வடித்து, தண்ணீர் வற்றவிட்டுக் கெட்டியாக்கினால் அதுதான் ஓவியரின் மை. பூசும்போது பானையின் நிறத்துக்கும் இதன் நிறத்துக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. ஓவியர் பாதி ஊகத்தில்தான் வரைந்தார். கறுப்பு எங்கே, சிவப்பு எங்கே என்பது சூளையைத் திறந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

சுடுதல் ஒரே சூளையில், ஒரே முறை, மூன்று கட்டமாக நடந்தது.

முதலில் காற்று தாராளமாக உள்ளே போகும்படி விட்டு வெப்பத்தைச் சுமார் 800 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றினார்கள். மண்ணில் உள்ள இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து பானை முழுவதும் சிவப்பாகும்.

அடுத்து காற்றுவழியை அடைத்து, பச்சை விறகைத் திணித்து, வெப்பத்தை 950 டிகிரி அளவுக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே புகை மூடும், ஆக்சிஜன் இருக்காது. எரியும் நெருப்பு மண்ணில் உள்ள இரும்பிடமிருந்தே ஆக்சிஜனைப் பறிக்கும். பானை முழுவதும் கறுத்துவிடும். இதே நேரத்தில் ஓவியர் பூசிய நுண்மண் மட்டும் இளகி இறுகி, கண்ணாடிபோல் நெருக்கமான படலமாகிவிடும். பானையின் உடல் மட்டும் நுண்துளைகளோடு அப்படியே இருக்கும்.

கடைசியில் வெப்பத்தைச் சற்றுக் குறைத்து, காற்றை மறுபடி உள்ளே விட்டார்கள். துளைகள் உள்ள உடல் ஆக்சிஜனை உறிஞ்சித் திரும்பச் சிவந்தது. இறுகிப்போன படலத்துக்குள் ஆக்சிஜன் நுழைய முடியவில்லை. அது கறுப்பாகவே நின்றது.

முன்பின்னாக நேரம் தவறினால் மாதக்கணக்கான வேலை வீண். வெப்பமானி இல்லாமல், சுடரின் நிறத்தையும் சோதனைக்காக வைத்த ஓட்டுத் துண்டுகளையும் பார்த்தே அந்தக் குயவர்கள் இதைச் செய்தார்கள். கொரிந்துக்கு அருகே பென்டெஸ்கூஃபியாவில் கிடைத்த கி.மு. 6ஆம் நூற்றாண்டுச் சுடுமண் பலகைகளில் மண் தோண்டுவதும் சூளை எரிவதும் வரையப்பட்டுள்ளன. இந்த நுட்பம் பிற்காலத்தில் மறைந்துபோனது. 1940களில் ஜெர்மானிய வேதியியலாளர் தியோடர் ஷூமன்தான் இதன் வழிமுறையை மறுபடி விளக்கிக் காட்டினார்.

ஆதிச்சநல்லூரிலும் கீழடியிலும் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானைகளைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தத்துவம் சட்டென்று புரியும். உள்ளும் வாய்விளிம்பும் கறுத்து, வெளியே சிவந்திருக்கும் அந்த நிறமும் காற்று பட்ட இடம், படாத இடம் என்ற வேறுபாட்டால் வந்ததுதான். கிரேக்கத்திலிருந்து இங்கே வந்த கலை என்றோ இங்கிருந்து அங்கே போனது என்றோ இதற்குப் பொருள் இல்லை. நெருப்பின் இயல்பை இரு நிலத்துக் குயவர்களும் தத்தம் வழியில் அறிந்திருந்தார்கள்.

கவனிக்க வேண்டியது: கறுப்புப் பரப்பில் எங்காவது சிவந்த திட்டு இருக்கிறதா என்று தேடுங்கள். நெருப்பு அந்த இடத்தில் சரியாக எட்டவில்லை, அல்லது பக்கத்துப் பானை ஒட்டிக்கொண்டு நின்றது. சூளைக்குள் நடந்தது அங்கே அப்படியே பதிவாகியிருக்கிறது.

படி 4: உருவம் கறுப்பா, பின்புலம் கறுப்பா?

இப்போது பாணிகளுக்கு வரலாம். காலவரிசையில் போவோம்.

உருவமே இல்லாமல் கச்சிதமான வட்டங்களும் அரைவட்டங்களும் மட்டும் இருந்தால் அது சுமார் கி.மு. 1050 முதல் 900 வரையிலான காலம். பல தூரிகைகளைச் சேர்த்துக் கவராயத்தில் பொருத்தி ஒரே சுழற்றில் வரைந்த வட்டங்கள் அவை. நடுப்புள்ளியில் கவராயத்தின் முனை குத்திய தழும்பைச் சில பானைகளில் காணலாம்.

அடுத்த 200 ஆண்டுகள், அதாவது கி.மு. 700 வரை, வடிவியல் பாணியின் காலம். வளைந்து வளைந்து போகும் சதுரக் கோலம், முக்கோணம், கட்டம் என்று பானை முழுவதும் நிரம்பியிருக்கும், வெற்றிடமே இருக்காது. ஏதென்ஸின் டிபிலான் வாயில் அருகே கல்லறை மேல் நின்ற ஆம்ஃபோரா இந்தப் பாணியின் உச்சம். கி.மு. 760-750 அளவில் செய்யப்பட்டது, ஒன்றரை மீட்டருக்கும் மேல் உயரம். அதன் கைப்பிடிகளுக்கு நடுவே இறந்த பெண்ணொருத்தி கிடத்தப்பட்டிருக்கிறாள். இருபுறமும் நிற்பவர்கள் இரு கையையும் தலையில் வைத்து அழுகிறார்கள். உடல்கள் வெறும் முக்கோணங்கள், கைகால்கள் குச்சிகள். ஆனாலும் தலையில் கைவைத்து அழும் அந்தத் தோற்றத்தைப் பார்த்ததும் இழவு வீடு என்று யாருக்கும் தெரிந்துவிடும். முகமே வரையாமல் துக்கத்தைக் காட்டிய இந்த ஓவியரை நான் யாருக்கும் குறைவாக மதிக்க மாட்டேன்.

கி.மு. 7ஆம் நூற்றாண்டில் கிழக்கிலிருந்து வந்த துணிகளும் தந்த வேலைப்பாடுகளும் உலோகக் கலங்களும் ரசனையை மாற்றின. சிங்கம், சிறகுள்ள விலங்கு, தாமரை மொட்டு எல்லாம் பானைக்கு வந்தன. கொரிந்து நகரத்து ஓவியர்கள் இதில் முந்தினார்கள். கறுப்பாக உருவத்தைப் பூசி, அதன்மேல் ஊசிமுனையால் கீறி உள்விவரம் காட்டும் முறையைக் கண்டுபிடித்ததும் அவர்களே. ரோம் நகரில் உள்ள கீஜி கூஜா கி.மு. 650-640 அளவைச் சேர்ந்தது. அதன் உயரம் ஏறத்தாழ 26 சென்டிமீட்டர்தான். அந்தச் சின்னப் பரப்பில் கேடயத்தோடு கேடயம் சேர்த்துப் படைவரிசைகள் மோதுகின்றன, நடுவில் ஒரு சிறுவன் குழல் ஊதுகிறான். அதே காலத்தில் அட்டிக்காவில் செய்த எலூசிஸ் ஆம்ஃபோராவின் கழுத்தில் ஒடிசியஸ் ஒற்றைக்கண் அரக்கனின் கண்ணைக் குத்துகிறான். அந்த ஆம்ஃபோராவுக்குள் ஒரு குழந்தையின் உடலை வைத்துப் புதைத்திருந்தார்கள். முதுமக்கள் தாழியை அறிந்த நமக்கு இது விளக்கம் தேவைப்படாத செய்தி.

கி.மு. 620 அளவில் கறுப்பு உருவ முறையை ஏதென்ஸ் முழுமையாக எடுத்துக்கொண்டது. அடையாளம் எளிது: சிவந்த பின்புலம், கறுத்த உருவங்கள், உள்ளே கீறிய மெல்லிய கோடுகள், பெண்களின் தோலுக்கு மேலே பூசிய வெள்ளை, ஆங்காங்கே கருஞ்சிவப்பு. ஃப்ளாரன்ஸில் உள்ள ஃபிரான்சுவா கிரேட்டர் சுமார் கி.மு. 570இல் செய்யப்பட்டது, எர்கோட்டிமோஸ் வனைந்தார், கிளைட்டியாஸ் வரைந்தார் என்று அதுவே சொல்கிறது. 66 சென்டிமீட்டர் உயரமுள்ள அந்தக் கலத்தில் 200க்கும் மேற்பட்ட உருவங்கள், நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்துப் பொறிப்புகள். 1900இல் அருங்காட்சியகக் காவலர் ஒருவர் முக்காலியை வீசியதில் அது 638 துண்டுகளாக நொறுங்கியது. மறுபடி ஒட்டிச் சேர்த்திருக்கிறார்கள்.

இந்த முறையின் சிகரம் எக்சிகியாஸ். வாடிகனில் உள்ள அவரது ஆம்ஃபோராவில் டிராய் போரின் கிரேக்க வீரர்களான அக்கிலிசும் ஏஜாக்சும் பகடை விளையாட்டில் குனிந்திருக்கிறார்கள். ஒருவர் வாயருகே நான்கு என்றும் மற்றவர் வாயருகே மூன்று என்றும் எழுதியிருக்கிறது. அக்கிலிஸ் ஜெயிக்கிறான். இருவருமே டிராய் போரிலிருந்து உயிரோடு திரும்பப்போவதில்லை என்று பார்ப்பவருக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. சாய்ந்த இரண்டு ஈட்டிகள் கண்ணைப் பகடை நோக்கி இழுத்துச் செல்கின்றன. வளைந்த முதுகுகள் பானையின் வளைவோடு சேர்ந்தே வளைகின்றன. வனைந்தவரும் வரைந்தவரும் தாமே என்று எக்சிகியாஸ் அதில் எழுதிவைத்தார்.

சுமார் கி.மு. 525இல் ஏதென்ஸில் யாரோ இதைத் தலைகீழாக்கினார்கள். உருவத்தை மண் நிறத்திலேயே விட்டுவிட்டு, பின்புலத்தைக் கறுப்பாக்கினார்கள். இதுதான் சிவப்பு உருவ முறை. ஆண்டோகிடிஸ் என்ற குயவரின் பட்டறையோடு இதன் தொடக்கத்தை இணைக்கிறார்கள். மியூனிக்கில் உள்ள ஓர் ஆம்ஃபோராவில் கட்டிலில் சாய்ந்திருக்கும் ஹெராக்ளிஸ் ஒருபக்கம் கறுப்பு உருவத்தில், மறுபக்கம் சிவப்பு உருவத்தில். இரு முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க இதைவிட நல்ல பாடம் இல்லை.

வெறும் நிறமாற்றத்துக்கு ஏன் இவ்வளவு பேச்சு? ஊசியால் கீறும்போது கோட்டின் தடிமன் பெரிதாக மாறாது. தூரிகை அப்படியில்லை. தசையின் மேடு பள்ளத்துக்கு நீர்த்த பழுப்புக் கோடு, உடலின் எல்லைக்குத் தடித்து எழும்பிய கறுப்புக் கோடு என்று கை விரும்பியபடி போகலாம். உடம்பு திரும்பத் தொடங்கியது. முதுகு தெரிந்தது, பாதம் முன்னோக்கி நின்றது. யூதிமிடிஸ் என்ற ஓவியர் உடம்பை முறுக்கி ஆடும் மூன்று பேரை வரைந்து, யூஃப்ரோனியோசால் ஒருபோதும் இப்படி முடிந்ததில்லை என்ற பொருளில் பக்கத்திலேயே எழுதினார். யூஃப்ரோனியோஸ் அவருடைய சமகாலப் போட்டியாளர். இருவருமே பெரிய ஓவியர்கள்.

ஓர் எச்சரிக்கை. ஏதென்ஸ் விளையாட்டு விழாவில் எண்ணெய் ஊற்றிப் பரிசாகக் கொடுத்த ஆம்ஃபோராக்களில், சிவப்பு உருவம் வந்து பல தலைமுறை ஆன பின்னும் ஏதீனா தெய்வத்தைக் கறுப்பு உருவத்தில்தான் வரைந்தார்கள். மரபு அது. கறுப்பு உருவம் என்றதும் பழையது என்று முடிவுகட்ட வேண்டாம்.

படி 5: கண்ணையும் காதையும் பாருங்கள்

ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ஜான் பீஸ்லி (1885-1970) ஆயிரக்கணக்கான பானைகளை ஓவியர்வாரியாகப் பிரித்தார். பெரும்பாலான பானைகளில் கையொப்பம் இல்லை. ஓவியர் யோசிக்காமல் போடும் சின்னக் கோடுகளை அவர் பிடித்துக்கொண்டார்: காதின் மடிப்பு, கணுக்கால் எலும்பு, முழங்கால் மூட்டு, விரல் நகம். பெயர் தெரியாதவருக்கு, அவர் வரைந்த பானை இருக்கும் ஊரை வைத்துப் பெயரிட்டார். பெர்லின் ஓவியர் அப்படி வந்த பெயர்.

தொடங்குபவர்களுக்குக் கண் போதும். பக்கவாட்டு முகத்தில் கண் மட்டும் நேரே நம்மைப் பார்ப்பதுபோல் முழுதாக இருந்தால் கி.மு. 6ஆம் நூற்றாண்டு அல்லது 5ஆம் நூற்றாண்டின் தொடக்கம். முன்பக்கம் திறந்து, உண்மையான பக்கவாட்டுக் கண்ணாக மாறியிருந்தால் 5ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியோ அதற்குப் பின்னோ. ஆடையையும் பாருங்கள். இஸ்திரி போட்டதுபோல் நேர்மடிப்பு என்றால் முந்தையது. உடம்போடு ஒட்டி நனைந்த துணிபோல் ஓடினால் நூற்றாண்டின் இறுதி, மைடியாஸ் ஓவியரின் காலம்.

படி 6: வெள்ளையையும் தென் இத்தாலியையும் தனியே வையுங்கள்

வெண்தளம் பூசிய லெகித்தோஸ்கள் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் கல்லறைகளுக்காகச் செய்யப்பட்டவை. நீலம், பச்சை போன்ற நிறங்களைச் சுட்டபிறகு பூசினார்கள். உரசினால் போய்விடும், அதனால் வீட்டுப் புழக்கத்துக்கு ஆகாது. கல்லறைத் தூணருகே நிற்கும் பெண், இறந்தவர்களைப் படகில் ஆற்றைக் கடத்திவிடும் கேரன், இவைதான் படங்கள். சிலவற்றின் உள்ளே கழுத்துக்குக் கீழே ஒரு சின்னக் குடுவை மட்டும் மறைந்திருக்கும். கொஞ்சம் எண்ணெயிலேயே புட்டி நிரம்பியதாகத் தோன்றும்.

தென் இத்தாலியில் குடியேறிய கிரேக்கர்கள் கி.மு. 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தங்கள் சொந்தச் சிவப்பு உருவப் பானைகளைத் தொடங்கினார்கள். அபூலியா வட்டாரத்துப் பெரிய கிரேட்டர்களில் வெள்ளையும் மஞ்சளும் நிறைய, பூவேலை நிறைய, நாடகக் காட்சிகள் நிறைய. எனக்கு அவற்றின் நெரிசல் சற்று அதிகமாகவே படுகிறது. கி.மு. 300ஐ ஒட்டி உருவம் வரையும் வழக்கமே ஓய்ந்துவிட்டது.

படி 7: எங்கே கிடைத்தது என்று கேளுங்கள்

முழுதாகத் தப்பிய ஏதென்ஸ் பானைகளில் பெரும்பங்கு கிடைத்தது இத்தாலியில், ரோமர்களுக்கு முன்பே அங்கே வாழ்ந்த எட்ரூஸ்கர்களின் கல்லறைகளில். 1828 முதல் வுல்ச்சி என்ற எட்ரூஸ்கன் ஊரில் தோண்டியபோது ஆயிரக்கணக்கில் வெளிவந்தன. அதற்கு முன்பிருந்தே இவை எட்ரூஸ்கன் பானைகள் என்று தவறாகப் பெயர் பெற்றிருந்தன. கண்டெடுத்த இடம்தான் காலத்தையும் சொல்கிறது. கி.மு. 490இல் மாரத்தான் போரில் இறந்தவர்களைப் புதைத்த மேட்டில் கறுப்பு உருவ லெகித்தோஸ்கள் இருந்தன. சிவப்பு உருவம் வந்து ஒரு தலைமுறைக்கு மேலாகியும் பழைய முறை புழக்கத்தில் இருந்தது அதனால்தான் நமக்குத் தெரிகிறது.

இடம் தெரியாமல் திருடித் தோண்டிய பானை பாதி ஊமை. யூஃப்ரோனியோஸ் வரைந்த சார்ப்பிடான் கிரேட்டரை நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 1972இல் சுமார் பத்து லட்சம் டாலருக்கு வாங்கியது. அது இத்தாலியிலிருந்து கடத்தப்பட்டது என்ற நிலையில் 2008இல் திருப்பி அனுப்பப்பட்டது. கலம் திரும்பிவிட்டது, கல்லறையில் அதனருகே என்னென்ன இருந்தன, யாருக்காக வைத்தார்கள் என்ற செய்தி திரும்பாது.

புதுச்சேரி அருகே அரிக்கமேட்டிலும் ஆம்ஃபோரா ஓடுகள் கிடைத்தன. அவற்றில் கிரேக்கத் தீவான கோசின் ஜாடி வடிவத்தைச் சேர்ந்தவையும் உண்டு. ஓவியப் பானைகளின் காலம் முடிந்து வெகுநாள் கழித்து, ரோமானியர் காலக் கடல் வணிகத்தில் மது ஏற்றிவந்த சாதாரண ஜாடிகள் அவை. படம் கிடையாது. இரண்டு கைப்பிடிகளின் வடிவமும் மண்ணும்தான் அவற்றை அடையாளம் காட்டின.

படி 8: ஒரே பானையில் எல்லாவற்றையும் பயிற்சி செய்யுங்கள்

கபூட்டி ஹைட்ரியாவின் படத்தை இணையத்தில் தேடி எடுங்கள். கைப்பிடி மூன்று, தண்ணீர்க் குடம். தோள் கூர்மையாக மடியாமல் கழுத்தோடு வழிந்து சேர்கிறது, ஹைட்ரியாவின் பிந்தைய வடிவம். பின்புலம் கறுப்பு, உருவங்கள் மண் நிறம். ஆக, கி.மு. 525க்குப் பிந்தையது, சரியாகச் சொன்னால் 5ஆம் நூற்றாண்டின் இரண்டாம் கால்பகுதியை ஒட்டியது. வரைந்தவர் லெனின்கிராட் ஓவியர் என்று பெயரிடப்பட்டவர். கிடைத்த இடம் தென் இத்தாலியின் ரூவோ. ஏதென்ஸ் பானை கடல் தாண்டிப் போயிருக்கிறது.

இனிப் படத்துக்கு வாருங்கள். அது தோளில் இருக்கிறது. கலங்களில் தூரிகை வைத்து வேலை செய்யும் பட்டறை. உலோகக் கலங்கள் என்று சொல்கிற ஆய்வாளர்களும் உண்டு. நடுவில் அமர்ந்திருப்பவருக்கு ஏதீனா மாலை சூட்ட வருகிறாள். இளைஞர்கள் இருவருக்கு வெற்றித் தெய்வங்கள் மாலை நீட்டுகின்றன. வலது ஓரத்தில், சற்று உயரமான மேடையில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவள் முன்னால் பெரிய கிரேட்டர், கையில் தூரிகை. அவளுக்கு யாரும் மாலை கொண்டுவரவில்லை. அவள் கிரேட்டரின் சுருள் கைப்பிடியை வரைந்துகொண்டிருக்கிறாள்.